செப்சிஸ்: மருத்துவமனையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி



புண்ணில் சீழ் வைத்தால் 'செப்டிக் ஆகிவிட்டது' என்கிறோம். செப்சிஸ் என்பது அதுவல்ல. எங்கோ புகுந்த கிருமியை எதிர்க்கும் முயற்சியில் உடலே நிலைகுலைந்து, தன் சிறுநீரகம், நுரையீரல், மூளை ஆகியவற்றைக் கெடுத்துக்கொள்ளும் நிலை அது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

2012 மார்ச் இறுதியில் நியூயார்க் நகரில் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் கூடைப்பந்து விளையாடும்போது கையில் சிராய்த்துக்கொண்டான். மறுநாள் காய்ச்சல், வாந்தி, கால் வலி. குழந்தை மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கும் அதே கணிப்புதான். ட்ரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் போன பிறகே ரத்தப் பரிசோதனையின் முழு முடிவு வந்தது. வெள்ளையணுக்கள் தாறுமாறாக இருந்தன. பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 1 அன்று சிறுவன் இறந்தான்.

யாரைக் குற்றம் சொல்வது? ஆய்வகம் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் ஒருவர் அறிந்தது அடுத்தவரிடம் சேரவில்லை. ஒரு மருத்துவரைத் தண்டித்தால் தீரும் காரியமாக இது நமக்குத் தோன்றவில்லை. மருந்து எழுதுபவர் ஒருவர், எடுத்து வருபவர் ஒருவர், ஏற்றுபவர் இன்னொருவர். நடுவில் ஷிப்ட் மாறுகிறது, வார்டு மாறுகிறது.

பெற்றோரின் விடாமுயற்சியால் 2013-ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் செப்சிஸுக்கு எழுத்து வடிவ நடைமுறை இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 3 மணி நேரத்துக்குள் பிளட் கல்ச்சர், லாக்டேட் பரிசோதனை, ஆன்டிபயாடிக். பிறகு 149 மருத்துவமனைகளின் சுமார் 49,000 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. இப்பணிகள் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறப்பு வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது.

இரவில் ஆம்புலன்ஸ் கேட்டு நம் அலுவலகத்தை அழைப்பவர்கள் பெரும்பாலும் 'காய்ச்சல்தான்' என்கிறார்கள். மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, சிறுநீர் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று நாம் கேட்ட பிறகே விவரம் வருகிறது. காய்ச்சலோடு இவற்றில் ஒன்று இருந்தாலும், "இது செப்சிஸாக இருக்குமா, டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. வீட்டுக்கு அனுப்பும்போது, பரிசோதனை முடிவு ஏதும் பாக்கி இருக்கிறதா, அதை யார் போனில் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் மருத்துவ உதவி மனுவின் பின்பக்கத்தில் இந்தக் கேள்விகளை அச்சிட்டுத் தருகிறோம்.