பழைய குளிக்கும் இடத்தை மாற்றும்போது கானை மறக்காதீங்க



லயத்துப் பின்பக்கம் தகரம் மறைத்துக் கட்டிய குளிக்கும் இடம் பல வீடுகளில் வெடித்துப் போய்க் கிடக்கிறது. அதை உடைத்துப் புதிதாகக் கட்ட நினைப்பவர்களுக்காகவே இந்தப் பாடம். சுவரும் தரையும் குழாயும் நம் விருப்பப்படி மாறலாம். தண்ணீர் வெளியே போகும் கான் மட்டும் நமக்காக நகராது. அது வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

நாங்கள் பட்ட பாட்டையே முதலில் சொல்கிறோம். ஒரு லயத்தில் நாங்கள் உதவிக்குப் போனபோது, "உடைக்கிற வேலை எதுக்கு? மேலேயே ரெண்டு அங்குலம் போட்டுருவோம்" என்றார் மேசன். நாங்களும் தலையாட்டினோம். தரை உயர்ந்தது, வாசற்படி உயரவில்லை. முதல் நாள் குளித்த தண்ணீர் கானை விட்டுவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குள் போனது. அங்கே பாட்டி பாய் விரிக்கும் மூலை ஊறிப்போச்சு. "ஏன் தம்பி, கானு இருக்கிறது ஒங்க கண்ணுக்குத் தெரியலயா?" என்று அந்தம்மா கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. போட்டதை உடைத்து மறுபடியும் போட்டோம். சீமெந்துச் செலவு இரட்டிப்பானது.

ஆகவே உடைப்பதற்கு முன்னால் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஒருவர் கானின் கீழ்முனையில் நின்று பார்க்கட்டும். தண்ணீர் தயங்கித் தயங்கி வந்தால் அடைப்பு இருக்கிறது. கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி மூங்கில் பிளாச்சால் குத்தி எடுங்கள். பிறகு கான் வாயைச் சாக்குத் துணியால் அடைத்து, துணியில் கயிறு கட்டி நுனியை வெளியே விடுங்கள். கயிறு இல்லாவிட்டால் துணியே உள்ளே போய் அடைப்பாகிவிடும்.

பழைய தரையைத் தூர மூலையிலிருந்து உடைத்து வாருங்கள். கான் வாயைச் சுற்றி ஓரடிக்குள் பெரிய சுத்தியல் வேண்டாம், உளி போதும். பழைய மண் குழாயாக இருந்தால் ஓங்கி ஓர் அடி போட்டாலே கீறிவிடும். கீறல் வெளியே தெரியாது. தண்ணீர் அத்திவாரத்துக்குள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். சரிவில் நிற்கிற லயத்துக்கு இது பெரிய ஆபத்து.

அடுத்தது வாட்டம். கான் வாய்தான் கணக்கின் தொடக்கம். அங்கிருந்து ஓரடிக்குக் கால் அங்குலம் உயர வேண்டும். ஆறடித் தரையென்றால் தூர மூலை ஒன்றரை அங்குலம் உயரம். அந்த மூலையும் வாசற்படியை விடத் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் நிரப்பிய தெளிவான ரப்பர் குழாய் இருந்தால் மட்டம் பிடித்துவிடலாம்.

பழைய குழாயோடு புதுப் பீ.வி.சி. குழாயைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேலிருந்து வரும் குழாயின் நுனி கீழ்க்குழாயின் வாய்க்குள் போக வேண்டும். மாற்றிப் பொருத்தினால் மூட்டு ஒழுகும், தலைமுடியும் சிக்கும். கீழே போகப் போகக் குழாய் சிறுக்கக் கூடாது. தண்ணீர் மூடிய குழாயில் போவதானால், இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கிற வளைவு ஒன்று வையுங்கள். நாற்றமும் கரப்பானும் மேலே வராது. திறந்த கானுக்கு வளைவு தேவையில்லை, கழற்றிக் கழுவக்கூடிய கம்பி வலை போதும். குளித்த தண்ணீரைக் கக்கூஸ் குழிக்குத் திருப்பிவிடாதீங்க, குழி சீக்கிரம் நிறைந்துவிடும்.

ஷவர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தண்ணீர்த் தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கி தாழ்வாக இருந்தால் ஷவரிலிருந்து சொட்டுத்தான் விழும். அதற்கு வாளியே மேல்.

பூசிய தரையை ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைத்து வையுங்கள். சீமெந்து குழைத்த கையை உடனே கழுவுங்கள், தோலைப் புண்ணாக்கிவிடும். அந்த ஏழு நாளும் குளிக்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரையும் மழை குறைவு என்பதால் வேலைக்கு வசதி.

பொதுக் கானில் கை வைக்கும் முன் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் கீழ் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் சாக்குத் துணியைக் கயிற்றோடு இழுத்தெடுத்து, மறுபடியும் இரண்டு வாளி ஊற்றிப் பாருங்கள். கீழ்முனையில் நிற்பவர் "வருது, வருது" என்று சத்தம் போட்ட பிறகு மேசனுக்குக் கூலி கொடுக்கலாம்.