வீடு வாங்குமுன் இரண்டு கிளார்க்குகளைப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

ஷாம்பர்க்கில் பார்த்த வீட்டின் வரி பில்லில் விற்பவர் பெயர் சரியாக இருக்கிறது, முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. வரி யார் பெயரில் வருகிறது என்பதைத்தான் அந்த பில் சொல்லும். வீட்டின் மேல் உள்ள கடனையும் வழக்கையும் சொல்லாது. ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குவோமே, அப்படி ஒரு சான்றை அந்த வீடு இருக்கும் குக் கவுன்டி தருவதில்லை. சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி வில்லங்கத்தைத் தேடித் தரும். ஆனாலும் உன் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடு. ஆவணங்கள் பொதுவில் இருப்பதே அதற்குத்தான்.

வரி பில்லில் உள்ள, சொத்தை அடையாளம் காட்டும் 14 இலக்க 'பின்' எண்ணைக் குறித்துக்கொள். வட்டாரம், பிரிவு, பிளாக், மனை என்று அது வரிசையாக இறங்கும். கடைசி நான்கு இலக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கானது. முகவரியில் பிழை நுழையலாம் என்பதால் இந்த எண்ணை வைத்தே தேடு.

தேட வேண்டிய இடம் கவுன்டி கிளார்க்கின் பதிவுப் பிரிவு. 2020 டிசம்பர் வரை இதற்கு ரெக்கார்டர் என்று தனி அலுவலகம் இருந்தது. விற்பவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு யார் விற்றார் என்று பத்திரங்களைப் பின்னோக்கிப் படி. ஒவ்வொரு அடமானத்துக்கும், கடன் தீர்ந்ததைக் காட்டும் 'ரிலீஸ்' பதிவாகியிருக்கிறதா என்று பார். கடனை அடைத்தவர் ரிலீஸைப் பதியாமல் விட்டிருந்தால், பதிவேட்டில் அந்த அடமானம் அப்படியேதான் கிடக்கும்.

பழைய மனைகளைத் தேடுபவர்கள் 1871 அக்டோபரில் முட்டி நிற்பார்கள். சிகாகோ பெருந்தீயில் நீதிமன்றக் கட்டடத்தோடு பதிவேடுகளும் எரிந்துபோயின. பத்திரங்களின் சுருக்கத்தைத் தொழிலுக்காக எழுதி வைத்திருந்த சில தனியார் நிறுவனங்கள் தங்கள் ஏடுகளைத் தீயிலிருந்து மீட்டிருந்தன. அவற்றைச் சான்றாக ஏற்க இல்லினாய் 1872இல் சட்டமே இயற்றியது. யார் வீடு யாருடையது என்பதை ஒரு நகரம் அந்த ஏடுகளை வைத்து மறுபடி நிறுவிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

தேடும்போது 'லிஸ் பென்டென்ஸ்' என்ற பதிவு கண்ணில் பட்டால் அங்கேயே நில். சொத்தின் மேல் வழக்கு இருக்கிறது என்ற அறிவிப்பு அது. இல்லினாயில் வங்கி கோர்ட்டுக்குப் போய்த்தான் அடமான வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். ஆகவே வழக்கு எண்ணைத் தேடிப் பிடி. ஆண்டு, பிறகு 'சிஎச்' என்ற எழுத்துகள், பிறகு எண் என்றிருக்கும். அதை எடுத்துக்கொண்டு சர்க்யூட் கோர்ட் கிளார்க்கிடம் போக வேண்டும். இவர் வேறு கிளார்க். பத்திரங்கள் நார்த் கிளார்க் தெரு 118இல். வழக்குகள் தெருவைத் தாண்டி எதிரே டேலி சென்டரில். வழக்கின் போக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தாக்கலான தாள்களை நேரில் போய்ப் படிக்கலாம்.

விற்பவர் பெயரிலும் தேடு. விவாகரத்தோ உயில் வழக்கோ இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்னொருவராகவும் இருக்கலாம். விற்பவர் நம்மூர்க்காரர் என்றால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்தும், முன்பின் மாற்றியும், இனிஷியலோடும் தேடு. திவால் வழக்கு கவுன்டியில் கிடைக்காது. அது ஃபெடரல் கோர்ட்டின் 'பேசர்' தளத்தில் இருக்கும், பக்கத்துக்கு 10 சென்ட்.

நேப்பர்வில்லில் பார்த்ததாகச் சொன்ன இன்னொரு வீட்டை குக் கவுன்டியில் தேடாதே. அந்த ஊர் டுபேஜ், வில் என்ற இரு கவுன்டிகளில் கிடக்கிறது. எந்தக் கவுன்டி என்று வரி பில்லைப் பார்த்துச் சொல், மேற்கொண்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா