குழிக்கு மூன்றடி முன்னால்

பிள்ளைகளே, கோல்ஃப் பழக வந்ததும் எல்லோரும் டிரைவர் மட்டையைத்தான் தேடிப் போகிறீர்கள். 250 கஜம் பறக்கிற அடியும் கணக்கில் ஒன்றுதான். மூன்றடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டுகிற 'பட்' என்ற அடியும் ஒன்றுதான். சுற்று முடிந்து அட்டையைக் கூட்டும்போது நெஞ்சை அறுப்பது இந்த இரண்டாவது. அதற்கு மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. எந்தப் பந்தையும் அலட்சியமாகத் தட்டாதீர்கள். 1983இல் ராயல் பர்க்டேலில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனின் மூன்றாம் சுற்றில், குழியோரம் சில அங்குலத்தில் கிடந்த பந்தை ஹேல் இர்வின் புறங்கைவாக்கில் தட்டப் போனார். பட் அடிக்கும் மட்டையான பட்டர், பந்தில் படவே இல்லை. அதுவும் ஓர் அடியாகக் கணக்கில் ஏறியது. கடைசியில் டாம் வாட்சன் அவரை முந்தியது ஒரே ஓர் அடியில். உடன் ஆடுபவர்கள், "விழுந்ததாக வைத்துக்கொள்" என்று பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். பழகுகிற காலத்தில் அந்தச் சலுகையை வாங்காதீர்கள். குழிக்குள் போட்டு முடியுங்கள்.

2. குழியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் விட்டம் நாலேகால் அங்குலம். 1891இல் விதியான இந்த அளவு இன்றுவரை மாறவில்லை. பந்து 1.68 அங்குலம். பக்கத்தில் பக்கமாக இரண்டு பந்து தாராளமாக நுழையும். சமதளத்தில் மெல்ல உருளும் பந்து, மூன்றடியிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 3 டிகிரி விலகினாலும் குழிக்குள் விழ வழியுண்டு. ஆறடிக்குப் போனால் அந்த இடம் பாதியாகிவிடும். ஆகவே மூன்றடியில் பயப்படத் தேவையில்லை, கவனம் போதும்.

3. எல்லாவற்றிலும் முக்கியமானது பட்டரின் முகம். பந்தைத் தொடுகிற நொடியில் அந்த முகம் எங்கே பார்க்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பந்து புறப்படும். பட்டர் வந்த பாதைக்கு அதில் பங்கு குறைவு. பழகுகிறவர்களோ பாதையைத் திருத்தியே களைத்துப்போகிறார்கள். மேடுபள்ளமில்லாத நேரான மூன்றடியைத் தேர்ந்தெடுத்து, பந்துக்கு ஓரடி முன்னால் இரண்டு டீக்களை (பந்தைத் தாங்கும் குச்சிகளை) ஊன்றுங்கள். நடுவில் பந்து நுழையவும் இரு பக்கமும் கொஞ்சம் இடம் மிஞ்சவும் வேண்டும், அவ்வளவுதான். பந்து டீயில் இடித்தால் முகம் திரும்பியிருக்கிறது என்று பொருள். வலது கை ஆட்டக்காரருக்கு இடது டீயில் இடித்தால் முகம் மூடியிருக்கிறது; வலது டீயில் இடித்தால் திறந்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் சொல்லித்தர முடியாது. தினமும் கொஞ்ச நேரம் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

4. குழி விளிம்பில் வந்து சாகிற வேகத்தில் பந்தை உருட்டாதீர்கள். குழியைச் சுற்றி ஓரடி தூரத்துக்குள் யாரும் மிதிப்பதில்லை. அதற்கு வெளியேதான் நாள் முழுக்கக் கால்கள் படுகின்றன. அந்தத் தடங்களில் மெல்லப் போகிற பந்து தடம் மாறும். குழி அங்கே இல்லையென்றால் ஓரடி, ஒன்றரை அடி தாண்டி நிற்கிற வேகம் போதும். அதற்கு மேல் போனால் விளிம்பில் பட்ட பந்து சுழன்று வெளியே வந்துவிடும். இறக்கத்தில் மட்டும் இன்னும் மென்மையாக.

5. பின்னே கொஞ்சம், முன்னே கொஞ்சம். சிறிய பட்டுக்குப் பட்டரை நீளமாகப் பின்னிழுத்தால், பந்தை நெருங்கும்போது மனம் பயந்து கையைத் தளர்த்தும். முகம் திரும்புவது அந்தத் தளர்ச்சியில்தான்.

6. கண்ணைக் கட்டுப்படுத்துங்கள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் ஆட்டக்காரர்களின் பார்வையை ஆராய்ந்தார். தேர்ந்தவர்களின் கண் பந்தின் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறது. பந்து போன பிறகும் ஒரு கணம் அங்கேயே இருக்கிறது. தேராதவர்களின் கண் அலைகிறது. தலையைத் தூக்கிப் பந்தைத் துரத்தினால் தோளும் கூடவே திரும்பும். பந்து விழுகிற சத்தம் காதில் கேட்கட்டும், பிறகு பாருங்கள்.

7. கவனம் கலைந்தால் விலகுங்கள். இதை மன்றாடியே சொல்கிறேன். 1970, செயின்ட் ஆண்ட்ரூஸ், பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிக் குழி. மூன்றடிக்கும் குறைவான பட் விழுந்தால் டக் சாண்டர்ஸுக்குக் கோப்பை. பந்தின் வழியில் ஏதோ கிடப்பதாகத் தோன்றவே, நின்ற நிலையிலேயே குனிந்து அதை நீக்கினார். விலகி வந்து புதிதாக நிற்கவில்லை. பந்து வலப்புறம் ஓடியது. மறுநாள் நடந்த பிளே-ஆஃபில் ஜாக் நிக்லஸ் ஓர் அடியில் வென்றார். காற்று, நிழல், யாரோ இருமுகிற சத்தம் எதுவாயினும் இரண்டு அடி பின்வாங்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

8. புல்லையும் பாருங்கள். வெப்பமான ஊர்களில் வளரும் பெர்முடாப் புல் ஒரு பக்கமாகச் சாயும். பளபளப்பாகத் தெரிந்தால் உங்களைவிட்டு விலகிச் சாய்கிறது, பந்து ஓடும். மங்கலாகத் தெரிந்தால் எதிர்த்துச் சாய்கிறது, சற்று அழுத்தி அடியுங்கள். வழியிலுள்ள காலணித் தடங்களைச் சரிசெய்ய 2019 முதல் விதிகள் அனுமதிக்கின்றன, தயங்காமல் சரிசெய்யுங்கள்.

9. பிடி எதுவானாலும் சரி. பெர்ன்ஹார்ட் லாங்கருக்குப் பட் அடிக்கும்போது கை துடிக்கும் கோளாறு வந்தது. பிடியை மாற்றி மாற்றிப் பார்த்தார். இடக்கையைக் கீழே இறக்கி, வலக்கையால் முன்கையையும் பட்டரையும் சேர்த்துப் பற்றியும் ஆடினார். மாஸ்டர்ஸை இருமுறை வென்றவர் அவர். அழகைப் பார்க்காதீர்கள், விரல்கள் இறுகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

10. தவறவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு அடுத்த குழிக்கு நடங்கள். 2012இல் ஐ.கே.கிம் ஓரடிப் பட்டைத் தவறவிட்டு, ஒரு மேஜர் கோப்பையைப் பிளே-ஆஃபில் இழந்தார். 2017இல் கிங்ஸ்பார்ன்ஸில் மகளிர் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். நடுவில் ஐந்தாண்டுகள் அவர் ஆடிக்கொண்டேதான் இருந்தார். நீங்களும் நாளைக் காலை ஆட்டத்துக்கு முன், குழியைச் சுற்றி இரண்டடியில் ஆறு பந்துகளை வையுங்கள். ஆறும் விழுந்த பிறகு மூன்றடிக்கு நகருங்கள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து.