நேரம் பார்த்துத் திறக்கும் கதவு

நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் இப்போது கார்டு காட்டினால்தான் வாசற்கதவு திறக்கிறது. அலுவலகம், நூலகம், ஹால் ஆகியவற்றில் கதவு காலை 9 மணிக்குத் தானே திறந்து, இரவு 8 மணிக்குத் தானே பூட்டிக்கொள்கிறது. நிர்வாகக் கமிட்டிகளில் நம்மவர்கள் பலர் இருப்பதால் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

கதவை இயக்கும் கன்ட்ரோலர் என்ற பெட்டிக்கு மணியும் தேதியும்தான் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்தால், மற்ற வெள்ளிகளைப் போலவே 9 மணிக்குத் திறந்துவிடும். ஆளில்லாத அலுவலகம் நாள் முழுதும் திறந்து கிடக்கும். இதற்காகத்தான் விடுமுறைப் பட்டியல். ஜனவரி 26, அக்டோபர் 2 போன்றவை மாறாத தேதிகள். ஹோலி, ரம்ஜான், தீபாவளி ஆகியவற்றை ஆண்டுதோறும் புதிதாக எழுதவேண்டும். நமக்கு இதில் கூடுதல் தொல்லை. நம் தீபாவளி நரக சதுர்த்தசியன்று. வடக்கே லட்சுமி பூஜை அமாவாசையன்று. பல ஆண்டுகளில் இவை அடுத்தடுத்த நாட்களாக வரும்.

பட்டியலைவிட நல்ல காப்பு, 'முதல் கார்டு' விதி. மணி 9 ஆனாலும், அதிகாரமுள்ள ஒருவர் வந்து கார்டு காட்டும்வரை கதவு பூட்டியே இருக்கும். மானேஜர் மழையில் சிக்கி 11 மணிக்கு வந்தாலும் கவலையில்லை. பல கன்ட்ரோலர்களில் இந்த வசதி உண்டு. பொருத்துபவர் தானாகச் சொல்லமாட்டார்; நாம்தான் கேட்கவேண்டும்.

இரவு 10 முதல் காலை 6 வரை என்பதைச் சில பெட்டிகள் ஒரே வரியில் ஏற்பதில்லை. 22:00 முதல் 23:59, 00:00 முதல் 06:00 என்று பிரித்து, பின்பகுதியை மறுநாள் கிழமையில் எழுதவேண்டும். 00:10 ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாக ஸ்டேஷனுக்கு வந்து நின்ற குடும்பங்களை ரயில்வேயில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே குழப்பம்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அட்டவணை உள்ளே வருவதற்கு மட்டுமே. வெளியே போவதற்கு அட்டவணையே கூடாது. 8 மணிக்குக் கதவு பூட்டிக்கொண்ட பிறகும், நூலக மூலையில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கலாம்.

ரயில்வே சிக்னலில் பழுது ஏற்பட்டால் சிவப்பு விழவேண்டும். வண்டி நிற்பதே பாதுகாப்பு. கதவில் நேர்மாறு, மனிதருக்குத் திறப்பதே பாதுகாப்பு. 12 வோல்ட்டில் சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும் மின்காந்தப் பூட்டு, கரண்ட் நின்றதும் விட்டுவிடும். திருடனுக்கு அது வசதி என்று பாட்டரி வைக்கிறார்கள். தீப்பிடித்தால் அதே பாட்டரி கதவை விடாமல் பிடித்துக்கொள்ளும்! ஆகவே ஃபயர் அலாரம் அடித்தவுடன், கன்ட்ரோலரின் தயவில்லாமல் பூட்டுக்குப் போகும் மின்சாரம் நேரடியாக அறுபடவேண்டும். அதையே கையால் செய்ய, கதவின் உட்புறம் பச்சை நிற அவசரப் பெட்டியும் தேவை.

மாதம் ஒருமுறை அந்தப் பச்சைப் பெட்டியை அழுத்திக் கதவைத் தள்ளிப் பாருங்கள். அப்படியே கன்ட்ரோலரின் மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். உள்ளேயுள்ள காசு போன்ற சிறு பாட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி எங்கோ பழைய வருஷத்துக்குப் போயிருக்கும்.