வீட்டுக் கொட்டகைக்கு ஒரு தச்சு மேசை

நெசவாளர் வீட்டில் தறி நிற்பதற்குப் பாவு தீர்ந்துபோவது ஒரு காரணம். நூல் உரிய காலத்தில் வந்து சேராதது மற்றொரு காரணம். சங்கக் கணக்கில் ஏறாத மூன்றாவது காரணமும் ஒன்றுண்டு. மிதிபலகை பிளந்துவிட்டது, நாடா ஓடும் பலகை வளைந்துவிட்டது என்று தச்சரை எதிர்பார்த்து வீணே கழியும் நாட்களே அவை. தச்சர்களில் பலர் நகரத்துக் கட்டட வேலைக்குச் சென்றுவிட்ட ஊர்களில் இந்நாட்கள் பெருகியே வருகின்றன. விவசாய அங்கத்தினர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. மண்வெட்டிக் காம்பு ஒன்றுக்காக அரை நாளைக் கடைத்தெருவில் கழிப்பவரை நாம் அறிவோம்.

இதற்குப் பரிகாரமாகப் பலரும் முதலில் செய்வது கருவிகளை வாங்குவதே. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பொதுக்குழுத் தீர்மானத்தின் பேரில் வாங்கிய மின்சார இழைப்புக் கருவி ஒன்று சாக்கில் சுற்றியபடியே கிடந்தது. கருவிகள் இருப்புப் பதிவேட்டில் அதன் விலை சரியாகவே எழுதப்பட்டிருந்தது. உபயோகம் இல்லாமைக்குக் காரணம் கேட்டபோது செயலாளர், "ஐயா, இழைக்கும்போது பலகை நகராமல் பிடித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே, அது நம்மிடம் இல்லை" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆகவே கருவிகளுக்கெல்லாம் முந்திய கருவியாகிய தச்சு மேசையைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம்.

நம் ஊர்த் தச்சர்கள் மேசையின்றியே தேர் செய்தவர்கள் அல்லவா என்று கேட்கலாம். செய்தவர்கள்தாம். தரையில் அமர்ந்து, பாதத்தாலும் கால் விரல்களாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு, இரு கைகளையும் உளிக்கும் கொட்டாப்புளிக்கும் விட்டுவிடுவார்கள். அந்தப் பிடி சிறு வயது முதல் பழகி வருவது. முப்பது வயதுக்கு மேல் உளியைத் தொடுகின்ற நமக்கு அது எளிதில் வாய்க்காது. பழகாத காலருகே உளியை ஓட்டுவதும் ஆபத்து. நம் காலுக்குப் பதிலாக மரத்தைப் பிடித்துக்கொள்வதே மேசையின் வேலை. இந்த ஏற்பாடு மிகப் பழையது. கி.பி. 79இல் எரிமலைச் சீற்றத்தில் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரோவியம் ஒன்றிலேயே, மேசைமேல் மரத்தை இரும்புப் பிடியால் அழுத்தி வைத்து அறுக்கும் காட்சி இருந்தது.

நாம் செய்த முதல் மேசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய பெட்டிப் பலகைகளையும் மெல்லிய சட்டங்களையும் ஆணியால் அறைந்து, சமையலறைத் திண்ணையின் உயரத்தைப் பார்த்து மூன்றடிக்கு நிறுத்தினோம். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இழைப்புளியைத் தள்ளியதும் மேசை முன்னே நடந்தது. பின்னுக்கு இழுத்ததும் கூடவே வந்தது. இதன்மேல் வைத்து நண்பர் ஒருவரது தறிக்கு நாடா ஓடும் பலகையை இழைத்துக் கொடுத்தோம். மேற்பரப்பே முறுகியிருந்த மேசையில் இழைத்த பலகையும் முறுகியது. மறுநாள் நாடா தடம் விலகித் தறியை விட்டு வெளியே பாய்ந்தது. பாவில் ஏராளமான இழைகள் அறுந்தன. அவற்றைப் பிணைத்து முடிக்க அவர் மனைவிக்கு அன்றைய பொழுது முழுவதும் பிடித்தது. எமக்கு அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த மேசையின் முதற் குறை கனமின்மை. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம் உள்ள மேசையே நமது கொட்டகைக்குப் போதுமானது. இரண்டரை அங்குலக் கனமும் பதினோரு அங்குல அகலமும் உள்ள இரு பலகைகளை மேற்பரப்பாக இட்டு, நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விடுக. கால்கள் மூன்றரை அங்குலச் சதுரம். நீளவாட்டில் கீழே ஐந்துக்கு இரண்டு அங்குலத்தில் நான்கடிச் சட்டங்கள் இரண்டு. அகலவாட்டில் நான்குக்கு இரண்டு அங்குலத்தில் ஒன்றரையடிச் சட்டங்கள் நான்கு. எல்லாம் கூட்டினால் 4 கன அடிக்குச் சற்றுக் குறைவு. அறுப்பிலும் இழைப்பிலும் சேதாரம் போக 5 கன அடி மரம் வாங்குவது உசிதம். கன அடிக்கு 20 கிலோ எடையுள்ள மரமானால் முடிந்த மேசை 70 கிலோவுக்கு மேல் நிற்கும். இழைப்புளிக்கு அசையாதிருக்க இது போதும். போதாதென்று தோன்றினால் கீழ்ச் சட்டங்களின்மேல் பலகை பரப்பி, கருவிப் பெட்டியை அங்கே வைக்கலாம்.

எந்த மரம் என்பதைப் பற்றி வாதம் வேண்டியதில்லை. தேக்கு இதற்கு வீண் செலவு. வேம்பு, பூவரசு, வாகை, புளி இவற்றுள் ஊரில் கிடைப்பதைக் கொள்ளலாம். வைரம் பாய்ந்த பாகமாக இருத்தல் வேண்டும். வெளிறான பாகத்தில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். மாமரம் மலிவு என்று வாங்கி, அடுத்த ஆண்டே மேசைக்கடியில் மாவு கொட்டக் கண்டவர்கள் உண்டு.

மரத்தின் ஜாதியைக் காட்டிலும் ஈரமே முக்கியம். உலரும்போது மரம் நீளத்தில் அநேகமாகக் குறைவதில்லை; அகலத்தில்தான் சுருங்குகிறது. ஒவ்வோர் அங்குலக் கனத்துக்கும் ஓராண்டு நிழலில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. சரியாக உலர்ந்ததா என்று அறிவதற்குச் சங்கத்தில் நூல் நிறுக்கும் தராசே போதும். பலகையின் நடுப்பாகத்திலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வருக. எடை இறங்குவது நின்றபின் வேலையைத் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்தினால் எடை ஏறவும் கூடும். அதைக் கண்டு தராசின்மேல் சந்தேகப்பட வேண்டாம்.

உயரத்துக்கு அடிக்கோல் தேவையில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே நிற்கிறதோ, அதுவே மேசையின் மேல்மட்டம். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ இரண்டடி எட்டங்குலம் ஆகும். இதைவிட உயர்ந்தால் தோள் மட்டும் வேலை செய்யும். தாழ்ந்தால் முதுகு வலிக்கும். வீட்டில் கணவன் மனைவி இருவரும் உபயோகிப்பதானால் குட்டையானவரின் அளவைக் கொள்க. மற்றவருக்காகக் கால்களின் கீழ்க் கட்டை வைத்துக்கொள்ளலாம். மேசையைத் தினம் அறுக்க முடியாது.

இணைப்புகளில்தான் ஆணி நம்மை ஏமாற்றும். இரு கால்களையும் மேலும் கீழும் குறுக்குச் சட்டங்களால் துளையும் கழுந்துமாகப் பூட்டி, பசையிட்டு, மர முளை அடித்துவிடுக. இவ்வாறு இரண்டு சட்டகங்கள் ஆகும். இவற்றை நீளச் சட்டங்களோடு பிணைப்பதற்குப் பசை வேண்டாம். சட்டத்தின் முனையில் அரை அங்குலக் கழுந்து மட்டும் விட்டு, காலின் வெளிப்புறத்திலிருந்து அரை அங்குலப் போல்ட்டைச் செலுத்தி, சட்டத்தின் உட்பக்கம் துளைத்த குழியில் நட்டை வைத்து முடுக்குக. மரம் சுருங்கித் தளர்ந்தால் மீண்டும் முடுக்கலாம். வீடு மாறினால் கழற்றி எடுத்துச் செல்லலாம். வாடகை வீட்டில் உள்ள அங்கத்தினர்களுக்கு இது சிறிய வசதி அன்று.

மேற்பலகைகள் ஒவ்வொன்றையும் சட்டகத்தோடு வெளி விளிம்பில் இறுக்கமாகவும், உள் விளிம்பில் நீளத் துளை வழியாகவும் போல்ட் போடுக. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கப் பலகைக்கு இடம் வேண்டும். அந்த நடு இடைவெளி அதற்கே. இரு பக்கமும் இறுக்கினால் அது பிளந்து நம்மைப் பழிவாங்கும். முன் விளிம்பும் கால்களின் முன்முகமும் ஒரே நேரில் நிற்பது அவசியம். அப்போதுதான் நீண்ட பலகையைச் செங்குத்தாகக் காலோடு சேர்த்துக் கட்டி விளிம்பை இழைக்க முடியும்.

பிடிப்புக்கு இரும்பு வைஸ் முதல் நாளே வேண்டுமென்பதில்லை. மேசையின் இடது கோடியில் சதுரத் துளையிட்டு, ஏறி இறங்கும் தடுப்புக் கட்டை ஒன்றைச் செருகுக. இழைக்கும் பலகை அதில் முட்டி நிற்கும். முக்கால் அங்குலத் துளைகள் நாலைந்து போட்டு, கொல்லரிடம் கம்பியை வளைத்துப் பிடி ஒன்று செய்துகொண்டால், கொட்டாப்புளியின் ஓர் அடியில் அது இறுகும். பின்புறத்தில் தட்டினால் விடும். ஓராண்டு இவ்வாறு பழகியபின் எந்த வேலை மிகுதி என்பது தெரியும். வைஸ் வாங்குவதானால் அப்பொழுது வாங்கலாம்.

தறியுள்ள அறையில் மேசையைப் போடலாகாது. மரத்தூள் பாவில் படிந்தால் கறையாகும். வண்டி நிறுத்தும் கொட்டகை தகும். ஆனால் பெட்ரோல் கேனை அங்கிருந்து அகற்றிவிடுக. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வருவது நல்லது.

ஒவ்வொருவருக்கும் தனி மேசை கட்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். சங்கக் கட்டடத்திலேயே பொதுவாக ஒன்று வைக்கலாம் என்பது நல்ல யோசனையாகத் தோன்றும். ஆயினும் தறியிலிருந்து தொலைவிலுள்ள மேசையை யாரும் நாடுவதில்லை என்பது எமது அனுபவம். ஒரே தெருவில் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒருவர் கொட்டகையில் வைத்துக்கொள்வது சிலாக்கியம். சங்கப் பணத்தில் செய்தால் எவர் கொட்டகையில் உள்ளது என்பதைப் பதிவேட்டில் எழுதி, அவர் கையொப்பமும் வாங்குக.

எல்லாம் பூட்டியபின் மேற்பரப்பை மட்டம் பார்ப்பது கடைசி வேலை. ஒரே அளவில் நேராக இழைத்த இரு சட்டங்களை மேசையின் இரு கோடிகளிலும் குறுக்காக வைத்து, குனிந்து ஒரு கண்ணால் நோக்குக. இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று இணையாகத் தெரிந்தால் முறுக்கில்லை. எந்த மூலை உயர்ந்து தெரிகிறதோ அதையும் அதற்கு எதிர் மூலையையும் இழைத்து, மறுபடி பார்க்க வேண்டும். முதல் சித்திரை வெயில் கழிந்ததும் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, இதையே இன்னொருமுறை செய்க.