சர்வீஸுக்குப் பின் மிஸ் அடிக்கும் வண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய பெட்ரோல் காரை சர்வீஸுக்கு விட்டு, ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றி, வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று எடுத்துவருகிறோம். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் ஸ்டியரிங் அதிர்கிறது. சைலன்சரில் சத்தம் சீராக இல்லாமல் விட்டுவிட்டு வருகிறது. இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காமல் குலுங்குகிறது. மாருதி 800, ஜென், சான்ட்ரோ என்று பல வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. அந்த நேரத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் பல வீண்செலவு வைக்கும். சில என்ஜினுக்கே கெடுதல் செய்யும்.

எந்த சிலிண்டரும் வேலை செய்ய மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் ஸ்பார்க், சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், போதுமான கம்ப்ரஷன். நான்கு சிலிண்டர் என்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் மொத்தம் 1,600 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் அதில் 400 முறை வீண். மூன்றே சிலிண்டர் கொண்ட 796 சிசி மாருதி 800-இல் ஒன்று போனால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. ஆட்டமும் அதற்கேற்ப அதிகம். சர்வீஸுக்கு முன் நன்றாக ஓடிய வண்டியில் ஸ்பார்க், கலவை, கம்ப்ரஷன் என்ற மூன்றில் ஒன்று திடீரென்று கெட்டிருக்கிறது என்றால், சர்வீஸில் கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

“பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்”

இருக்காது. தேய்மானம் மெதுவாக வரும். பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், புகை வரும். திங்கட்கிழமை சீராக ஓடிய என்ஜின் புதன்கிழமை மிஸ் அடித்தால் அதற்கு வயது காரணமல்ல.

“பிளக் இப்பத்தான் புதுசா போட்டோம், அதுல கோளாறு இருக்காது”

சர்வீஸுக்குப் பின் வரும் மிஸ்ஸிங்கில் இதைவிட அதிகமாக ஆளை ஏமாற்றும் நம்பிக்கை வேறு இல்லை. புது பிளக் என்றால் அது புதியது, அவ்வளவுதான். சரியானது என்று பொருளில்லை. கீழே விழுந்த பிளக்கின் நுனி வளைந்து இடைவெளி மூடியிருக்கலாம். பெட்டியிலிருந்து எடுத்ததை அளக்காமல் அப்படியே போட்டிருக்கலாம். மாடலைப் பொறுத்து 0.7-இலிருந்து 1.1 மில்லிமீட்டர் வரை வேண்டிய இந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பல இடங்களில் பார்ப்பதில்லை. ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து இறுக்கினால் வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மின்சாரம் நுனிக்குப் போகாமல் அந்த விரிசல் வழியே இறங்கிவிடும்.

வாஷர் வைத்த புது பிளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு சுற்று இறுக்கினால் போதும். அதற்கு மேல் பலம் காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். தளர்வாக விட்டால் கம்ப்ரஷன் கசியும், பிளக்கும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

பிளக்கைவிட அதன் மேல் மாட்டும் ரப்பர் மூடியை நான் அதிகம் சந்தேகிப்பேன். பழைய வண்டியில் அந்த ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து கெட்டியாகியிருக்கும். பிளக்கைக் கழற்றும்போது மூடியைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே வயர் விட்டுப்போகும். திரும்ப மாட்டும்போது முழுதாக உட்காராமல் போகும். பீங்கான் மேல் பென்சில் கோடு போல ஒரு கறுப்பு வரி தெரிந்தால், ஸ்பார்க் வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வரி ரப்பருக்குள்ளும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி, வரி விழுந்த ரப்பரை அப்படியே விட்டால் புது பிளக்கும் அதே கதிதான்.

பிளக் வயர்களை இடம் மாற்றிச் செருகுவதும் நடக்கிறது. பெரும்பாலான நான்கு சிலிண்டர் என்ஜின்கள் எரியும் வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் இரண்டு வயர் மாறினாலே கடுமையாக ஆடும், சைலன்சரில் வெடிக்கும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

“தண்ணிதானே, ஓடினா காஞ்சிடும்”

நம் ஊரில் சர்வீஸ் என்றாலே வாட்டர் வாஷ் உண்டு. பானெட்டைத் திறந்து என்ஜின் மேலேயே பிரஷர் கன்னைப் பிடிப்பதும் உண்டு. காயில் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தத்துக்கு ஒரு துளி ஈரம் போதும், குறுக்கு வழி கண்டுபிடிக்க. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள் ஈரம் படிந்தால் காலையில் மிஸ் அடித்து, சூடானதும் சரியாகிவிடும். மறுநாள் மீண்டும் வரும். பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும் என்ஜின்களில் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கினால் லேசில் வெளியேறாது. மூடியே மேலே அடைத்துக்கொண்டிருக்கிறதே, எங்கே போகும்? மூடியைக் கழற்றி கம்ப்ரஸர் காற்றால் ஊதிக் காயவைக்க வேண்டும். டேப்பெட் கவர் கேஸ்கெட் கசிந்து ஆயில் அதே குழியில் நிற்பதும் உண்டு. அங்கே கேஸ்கெட்டை மாற்றாமல் பிளக்கை மட்டும் துடைத்துப் போட்டால் சில வாரத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இருட்டிய பின் பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, கையை வயர்களுக்கு அருகே கொண்டுபோகாமல் தள்ளி நின்று பாருங்கள். கசியும் வயரில் நீலப் பொறி கண்ணுக்குத் தெரியும்.

“ஸ்கேனர்ல காயில்னு வந்துருச்சு”

ஸ்கேனர் அப்படிச் சொல்வதில்லை. பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்றுதான் பொருள். ஏன் எரியவில்லை என்பது அதில் இல்லை. கிராங்க் சுற்றும் வேகத்தில் எந்த இடத்தில் தொய்வு விழுகிறது என்று சென்சார் மூலம் கணக்கிட்டு கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கிறது. தொய்வுக்குக் காயில், பிளக், இன்ஜெக்டர், வால்வு எதுவும் காரணமாகலாம்.

இன்னொரு சிக்கல் ஆக்ஸிஜன் சென்சார். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்ஸிஜனும் அப்படியே சைலன்சர் பக்கம் வருகிறது. சென்சார் ஆக்ஸிஜனை மட்டும்தான் பார்க்கும். ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும், பி0171 என்ற கோடு விழும். உடனே சென்சாரை மாற்றச் சொல்வார்கள். சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இதற்கு நல்ல மருந்து இடம் மாற்றிப் பார்ப்பதுதான். மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை மூன்றாவதிலும் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் புது காயில் எழுதிக்கொடுக்கும் மெக்கானிக்கிடம் ஏன் செய்யவில்லை என்று தைரியமாகக் கேளுங்கள். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் போகும் வண்டிகளில் அந்த இரண்டும் சேர்ந்து படுத்தால் சந்தேகம் நேராகக் காயில்மேல் போக வேண்டும்.

ஸ்கேனர் மாட்ட வழியில்லாத கார்ப்பரேட்டர் வண்டியில், ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் நெடுநாளாக உண்டு. பிடுங்கியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் படுத்தது என்பது கணக்கு. கணக்கு சரி, முறை ஆபத்தானது. கையில் அடிக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் காயிலும் மாட்யூலும் போகும். எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றினால் அதே பதில் பத்திரமாகக் கிடைக்கும்.

எப்போது மிஸ் அடிக்கிறது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். ஐடிலில் மட்டும் ஆடி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் சீராகிறதா? ஏர் ஃபில்டர் மாற்றியபோது கழன்ற வேக்குவம் ஹோஸையோ விரிசல் விட்ட ஏர் பைப்பையோ தேட வேண்டும். ஐடிலில் நன்றாக நின்று, மேம்பாலம் ஏறும்போது குலுங்குகிறதா? அது ஸ்பார்க் பலவீனம். லோடு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அதைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படும்.

“பெட்ரோல் சரியில்லை, எத்தனால் கலக்குறாங்க”

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், கார்ப்பரேட்டர் பாகங்கள் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. ஆனால் டாங்கில் உள்ள பெட்ரோல் எல்லா சிலிண்டருக்கும்தான் போகிறது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் பெட்ரோலைக் குறை சொல்ல முடியாது. 95 ஆக்டேன் போட்டால் சரியாகும் என்பதும் தவறு. ஆக்டேன் நாக்கிங்கைத் தடுக்கும். விட்டுப்போன வயரை ஒட்டவைக்காது.

“டேப்பெட் சத்தமே வரக்கூடாது”

வாடிக்கையாளர் கேட்கிறார் என்று சில மெக்கானிக்குகள் டேப்பெட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். வால்வு சூட்டில் நீளும். அதற்கு இடம் விடவே அந்தச் சிறு இடைவெளி. இடமில்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்கட்டும், பரவாயில்லை.

“ஹெட் இறக்கணும்”

கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லா சிலிண்டரையும் அளந்து, எண்களை உங்கள் கண்ணில் காட்டும்வரை இதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. டைமிங் பெல்ட் மாற்றிய சர்வீஸ் என்றால், ஹெட்டைத் தொடுவதற்கு முன் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

“ஓட்ட ஓட்ட சரியாயிடும்”

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மீதி கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளிருக்கும் பீங்கான் சல்லடை உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பிளக் வேலை, பல ஆயிரம் ரூபாய் கன்வர்ட்டர் வேலையாகிவிடும். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். மெக்கானிக் ஷெட்வரை இழுத்துச் செல்ல ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

அடுத்த சர்வீஸில் கழற்றிய பழைய பிளக்குகளைத் தூக்கிப்போடாமல், எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று எழுதி உங்களிடம் தரச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது மெக்கானிக் பக்கத்தில் இருக்க, பானெட்டைத் திறந்து வைத்து, என்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணம் கொடுங்கள்.