பாராளுமன்றக் குழுக்கள்: பேச்சு ஒழுங்கும் கேள்வி கேட்கும் அதிகாரமும்

இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ சிறுபோகக் கூட்டம் நடந்தால், எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது பூட்டுவது என்பன அங்கே தீர்மானமாகின்றன. கூட்டத்துக்குப் போய்வந்த எவருக்கும் இன்னொன்றும் தெரியும். நிகழ்ச்சி நிரலை எழுதியவர் யார், முதலில் பேசியவர் யார், "நேரமில்லை" என்று இருத்தப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தே முடிவு பெரும்பாலும் அமைகிறது. வாய்க்காலின் கடைக்கோடிக் காணிக்காரர் வாய் திறக்கும் முன் கூட்டம் கலைந்தால், அவரது வயலின் தேவை அறிக்கையில் ஏறாது.

பாராளுமன்றமும் இந்த விதியிலிருந்து தப்பவில்லை. தேர்தலில் வாக்களித்ததோடு நமது கடமை முடிந்துவிட்டதென்று நாம் எண்ணுகிறோம். ஆனால் நாம் அனுப்பிய உறுப்பினர் எப்போது, எவ்வளவு நேரம், எதைப்பற்றிப் பேசலாம் என்பதையும், அதிகாரிகளை யார் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம் என்பதையும் தீர்மானிப்பவை குழுக்களே. எனவே அவற்றைப்பற்றி அறிவது இடம்பெயர்ந்து காணிக்காகக் காத்திருக்கும் நமக்கு அவசியமாகிறது.

பேச்சு ஒழுங்கை வகுப்பவர் யார்?

பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள் உள்ளனர். ஒரு நாள் விவாதத்தில் எல்லோரும் பேச முடியாது. ஆகவே இரண்டு குழுக்கள் இதனை ஒழுங்குபடுத்துகின்றன.

முதலாவது, நிலையியற் கட்டளைகள் பற்றிய குழு. சபை நடவடிக்கைகளுக்கான நிரந்தர விதிகளே நிலையியற் கட்டளைகள். அவற்றை மாற்றும் யோசனைகளை இக்குழு ஆராய்கிறது. இரண்டாவது, பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு. சபாநாயகர் தலைமையில் கட்சித் தலைவர்களும் பிரதம கொறடாக்களும் கூடி, எந்த அலுவலை எந்த நாளில் எடுப்பது, எத்தனை மணித்தியாலம் ஒதுக்குவது என்று முடிவு செய்கின்றனர். பின்னர் அந்த நேரம் கட்சிகளிடையே பங்கிடப்படுகிறது. சிறிய கட்சி உறுப்பினருக்குச் சில நிமிடங்களே கிடைப்பது இதனாலாகும்.

நேரக் கணக்கு ஏன் முக்கியம்? ஒரு சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடப்பட்டபின், அரசியலமைப்புக் குறிக்கும் சில நாட்களுக்குள் மட்டுமே ஒரு பிரசை அதனை உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கலாம். சட்டமாகிவிட்டால் அது செல்லுபடியானதா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. பத்திரிகையில் செய்தி வந்து நாம் அறியும்போது கதவு பூட்டப்பட்டிருக்கும்.

1936 கற்பித்த பாடம்

விதிகளை மீறாமலே ஒரு மக்கட் கூட்டத்தை ஒதுக்கிவிட முடியும் என்பதற்கு நமது வரலாற்றிலேயே சான்று உண்டு. 1931 முதல் 1947 வரை நடைமுறையிலிருந்த டொனமூர் அரசியலமைப்பின்கீழ், அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்த தலைவரே அத்துறையின் அமைச்சரானார். கமத்தொழில், காணிக் குழுவின் தலைவராக டி. எஸ். சேனநாயக்கா இருந்தார். அவருடைய காலத்தில், 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. நம்மிற் பலர் பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கும் காணி அனுமதிப்பத்திரம் அச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டதே.

1931இல் ஏழு அமைச்சர்களுள் பெரி சுந்தரம், மாக்கான் மாக்கார் என்ற சிறுபான்மையினர் இருவர் இருந்தனர். 1936 தேர்தலின்பின் ஏழு பேரும் சிங்களவராயினர். ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை கிடைக்கும் விதத்தில் உறுப்பினர்கள் பங்கிடப்பட்டதே இதற்குக் காரணம். இக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று சொல்லப்படுவதுண்டு. அவரே 1947இல் வவுனியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். ஒரு விதியும் மீறப்படவில்லை. குழுக்களில் யார் எங்கே அமர்வது என்ற ஒழுங்கு மாத்திரமே மாறியது.

கேள்வி கேட்கும் குழுக்கள்

குழுக்களுக்கு மற்றொரு பணியும் உண்டு. அரசின் பணமும் அதிகாரமும் எவ்வாறு பயன்பட்டன என்று விசாரிப்பதே அது.

அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவைக் 'கோபா' என்பர். அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் இதன் பார்வைக்கு உட்பட்டவை. அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு 'கோப்' எனப்படும். 1979இல் அமைக்கப்பட்ட இது, மகாவலி அதிகாரசபை, நெல் சந்தைப்படுத்தும் சபை போன்ற நிறுவனங்களை விசாரிக்கிறது. இவற்றைவிட, 2015 முதல் துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

விசாரணை நடக்கும் முறை எளிதானது. கணக்காய்வாளர் நாயகம் கணக்குகளைப் பரிசோதித்து அறிக்கை தருகிறார். குழு அமைச்சின் செயலாளரையோ நிறுவனத் தலைவரையோ அழைக்கிறது. கோவைகளுடன் வந்து அவர் பதில் சொல்ல வேண்டும். முடிவில் குழு தன் அறிக்கையைச் சபையில் சமர்ப்பிக்கிறது. குழுவினால் எவரையும் சிறையிலடைக்க முடியாது. விதந்துரைக்க மட்டுமே முடியும்.

இதன் பலத்தையும் பலவீனத்தையும் மத்திய வங்கி முறி விவகாரம் நன்கு காட்டுகிறது. 2015 பெப்ரவரி 27இல் நடந்த முறி விற்பனையை டியூ குணசேகரவின் தலைமையில் கோப் விசாரித்தது. அறிக்கை சபைக்கு வருமுன், ஜூன் 26இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதிய சபையில் சுனில் ஹந்துன்னெத்தி தலைமையிலான குழு மீண்டும் விசாரித்து, 2016 ஒக்டோபர் 28இல் அறிக்கை சமர்ப்பித்தது. அரசாங்கக் கட்சியினர் சிலர் அடிக்குறிப்புகளாகத் தமது மாற்றுக் கருத்தைச் சேர்த்தனர். எனினும் விடயத்தை மூடிமறைக்க முடியவில்லை. 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. சபை கலைந்தால் விசாரணையும் கலையும். ஆனால் எழுத்தில் பதிந்த சான்று மறுபடியும் எழுந்து நிற்கும்.

2019இல் கோப் விசாரணைகள் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததை மக்கள் பார்க்கத் தொடங்கினர்.

நாம் தட்டக்கூடிய கதவுகள்

1. தனிக் குடும்பத்துக்கோ கிராமத்துக்கோ இழைக்கப்பட்ட அநீதியை ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மூலம் பொதுமனுவாகச் சமர்ப்பிக்கலாம். பொதுமனுக்கள் பற்றிய குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும்.

2. நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் முறையிடலாம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உறுப்பினர் வழியாகவே முடிந்தது. 1994இல் செய்த திருத்தத்தின்பின் நாமே நேரடியாக எழுதலாம்.

3. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், நட்டஈட்டுப் பட்டியல், வீட்டுத்திட்டச் செலவு, காணிப் பதிவேட்டுப் பிரதி என்பவற்றைக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இப்படிப் பெற்ற பத்திரமே குழுவிடம் செல்லும் மனுவுக்கு முதுகெலும்பு.

மனுவில் சொந்தக் கிராமம், கிராம அலுவலர் பிரிவு, அனுமதிப்பத்திர இலக்கம், இடம்பெயர்ந்த ஆண்டு, முன்னர் எழுதிய கடிதங்களின் திகதி ஆகியவை இருக்கட்டும். வேண்டுகோள் ஒன்றாக இருக்கட்டும். பத்துக் குறைகளை ஒன்றாக எழுதினால், எளிதான ஒன்றுக்குப் பதில் தந்து கோவையை மூடிவிடுவர்.

குழுக்களால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நினைக்கக்கூடாது. 2025 மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் பற்றி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அக்காணி அரசுடைமையாகக்கூடும் என்ற நிலை. பத்திரங்களைப் போரில் இழந்தவருக்கும், வெளியூரில் இருப்பவருக்கும் அது எவ்வளவு குறுகிய காலம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வர்த்தமானிக்குச் சபை விவாதம் முன்னதாக நடப்பதில்லை. வடக்கு உறுப்பினர்கள் சபையில் எதிர்த்தனர். ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சபை, நீதிமன்றம், விழிப்பான மக்கள் என்ற மூன்றும் சேர்ந்தபோதுதான் அது நின்றது.

ஆகவே கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றும் ஒருவரையாவது இவ்வேலைக்கு ஒதுக்கட்டும். வர்த்தமானியைப் பார்ப்பதும், கடிதங்களின் பிரதிகளைத் திகதி வரிசையில் கோவைப்படுத்துவதும் அவருடைய பொறுப்பாகட்டும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. கடைசியாக நடந்த போகக் கூட்டத்தில் யாருடைய குரல் பதிவாகவில்லை? ஏன்?
2. உங்கள் கிராமத்தின் பிரச்சினை கோபாவுக்கு உரியதா, கோப்புக்கு உரியதா, பொதுமனுவுக்கு உரியதா?
3. அதனை நிரூபிக்க உங்களிடம் உள்ள பத்திரங்கள் எவை? இல்லாதவற்றை எங்கே கேட்டுப் பெறலாம்?
4. உங்கள் மாவட்ட உறுப்பினர்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்கள்? அடுத்த கூட்டத்துக்கு முன் விசாரித்து வாருங்கள்.